போகாத ஊருக்கு ஒரு மிதிவண்டி

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறது. கோடை விடுமுறை முதல் இன்று வரை அதில் 412 கிலோமீட்டர் மிதித்திருக்கிறேன். நம்பாதவர்கள் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கலாம். உத்தமபாளையத்தில் புறப்பட்டுத் தேனி, திண்டுக்கல், திருச்சி என்று போயிருந்தால் இந்நேரம் விழுப்புரத்தையே தாண்டியிருக்க வேண்டும். ஆனால் நான் இருப்பதோ அதே கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில்!

இதைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பத்தா சொன்னார்கள்: “போகாத ஊருக்கு வழி சொல்றவகளப் பாத்திருக்கேன். போகாத ஊருக்குச் சைக்கிள் மிதிக்கிறவள இப்பத்தான் பாக்கிறேன்.”

அன்பிற்குரிய அருட்சகோதரிகளே, பெற்றோரே, தோழியரே! நின்ற இடத்திலேயே ஓடும் இந்தச் சைக்கிளைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். கருவியைக் குறை கூற நான் வரவில்லை. அது எங்கள் வீட்டுக்குள் வந்த காரணத்தைத்தான் கொஞ்சம் கேள்வி கேட்க வந்திருக்கிறேன்.

அந்தக் காரணம் இதுதான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் வரை நான் சைக்கிளில்தான் பள்ளிக்கு வந்தேன். சென்ற கார்த்திகை மாதம் ஒரு மாலை, கடைவீதியைத் தாண்டி வரும்போது பின்னால் வந்த ஒரு வேன் என் கைப்பிடியை உரசிவிட்டுப் போய்விட்டது. கார்த்திகை, மார்கழி என்றால் நம் குமுளிச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சபரிமலைக்குப் போகும் வண்டிகள் இரவு பகல் பாராமல் வந்துகொண்டே இருக்கும். நான் சாலை ஓரத்து மண்ணில் விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, முன் சக்கரம் கோணல், டிபன் பாக்ஸ் சப்பை. அவ்வளவுதான். ஆனால் அன்று இரவே வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. “நாளையிலிருந்து ஆட்டோ.”

கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து தாய்மாமா வந்தார்கள். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அவர்கள் அடுக்குமாடி வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் ஒரு ட்ரெய்னர் வாங்கினார்களாம். ஊரடங்கு முடிந்தபின் அது துணி காயப் போடும் கொடியாகிவிட்டதாம். “பிள்ளை சைக்கிள், சைக்கிள்னு ஏங்குதே, வீட்டுக்குள்ளேயே ஓட்டட்டும்” என்று காரில் போட்டுக் கொண்டு வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கும் மகிழ்ச்சிதான், பொய் சொல்ல மாட்டேன்.

ட்ரெய்னர் என்பது சைக்கிளின் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு தாங்கி. நம் வீட்டுச் சைக்கிளை இரட்டை ஸ்டாண்டில் நிறுத்தி, சிறு பிள்ளையாக இருக்கும்போது ஏறி உட்கார்ந்து ‘விர்’ரென்று மிதித்து அடி வாங்கியிருப்பீர்களே, அதே விளையாட்டுத்தான்! வித்தியாசம் என்னவென்றால், ஸ்டாண்டில் மிதித்தால் காலுக்குப் பாரமே தெரியாது, ட்ரெய்னரில் தெரியும். இரும்புக் கால்கள் பின் அச்சை இரு பக்கமும் கவ்விக்கொள்ள, கீழே ஓர் உருளை டயரை அழுத்திக்கொண்டிருக்கும். மிதிக்க மிதிக்க டயர் உருளையைச் சுற்றும். உருளையின் முனையில் ஓர் உலோகத் தட்டு. அதன் அருகே காந்தங்கள். தட்டு சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் தோன்றி, அந்தச் சுழற்சியையே எதிர்த்து நிற்கிறது. காந்தம் தட்டைத் தொடுவதே இல்லை. ஆனாலும் கால் மட்டும் கம்பமெட்டு ஏறுகிறது! எண்ணெய்க்குள் விசிறி இலைகள் சுழல்வது போன்ற வகையும் உண்டு. பின் சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராக இயந்திரத்தில் மாட்டும் விலை கூடிய வகையும் உண்டு.

மாட்டுவதற்குள் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதலில் என்னுடைய லேடீஸ் சைக்கிளை மாட்டப் பார்த்தோம். ஸ்டாண்டு இடித்தது. கேரியர் கம்பி இடித்தது. பின் அச்சின் நட்டை ட்ரெய்னரின் கிண்ணம் கவ்வவே இல்லை. பிறகு மாமா தம்முடைய கியர் சைக்கிளையும் லாரி பார்சலில் அனுப்பி வைத்தார்கள். அதில் அச்சுக் கம்பியைக் கையாலேயே கழற்றிவிட்டு, ட்ரெய்னரோடு வரும் எஃகுக் கம்பியைச் செருக வேண்டும். பழைய கம்பியோடு மாட்டினால் பிடிப்பு நழுவிவிடும் என்று மாமா பலமுறை எச்சரித்தார்கள். அதன் டயரோ மலைப்பாதைக்கான கட்டை டயர். மிதித்தவுடன் மாவு மில் ஓடுகிற சத்தம்! பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. சைக்கிள் கடை அண்ணனிடம் கொடுத்து வழவழப்பான டயர் மாற்றினோம். அதற்கு நன்றாகக் காற்றடித்து, உருளை டயரைத் தொட்டபின் திருகை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினோம். அடியில் மாட்டுத் தொழுவத்துக்கு வாங்கும் ரப்பர் பாயில் ஒரு துண்டு விரித்தோம். சத்தம் பாதியாயிற்று.

பின் சக்கரம் உயர்ந்து நிற்பதால் சைக்கிள் முன்பக்கம் தாழ்ந்துவிடும். உடம்பு முழுவதும் கையின் மேல் சாய்ந்து மணிக்கட்டு வலிக்கும். முன் சக்கரத்தின் கீழ் ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும். நாங்கள் என் ஒன்பதாம் வகுப்புக் கணித கைடுகள் இரண்டை வைத்தோம். அவற்றுக்கு அதுவரை இவ்வளவு உபயோகம் இருந்ததில்லை. சீட்டின் உயரமும் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் சிறிதே மடங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் நான் முதல் வாரம் முழங்கால் வலியோடு படியேறினேன்.

அடுத்தது வியர்வை! சாலையில் ஓட்டும்போது காற்று தானாகவே வந்து வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கிறது. கூடத்தில் காற்று ஏது? பத்தாவது நிமிடத்தில் தரையில் சொட்டுச் சொட்டாக விழும். எதிரே ஒரு மேசை விசிறி கட்டாயம் வேண்டும். கைப்பிடியில் ஒரு துண்டும் வேண்டும்; உப்பு வியர்வை பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். அப்பா ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சாதாரண மனிதர் ஒருவர் விடாமல் மிதித்தால் ஏறத்தாழ 100 வாட் சக்தி தர முடியும். பத்து மணி நேரம் மிதித்தால்தான் ஒரு யூனிட் மின்சாரம்! அதில் பாதி அளவு மின்சாரத்தை என் எதிரே சுழலும் விசிறியே சாப்பிட்டுவிடுகிறது. நான் மிதித்ததோ? காந்தத் தட்டில் சூடாகிப் போகிறது. மின்சாரக் கட்டணத்தைப் பார்த்து அப்பா பெருமூச்சு விடுவதன் பொருள் எனக்கு அன்றுதான் புரிந்தது.

இத்தனைக்கும் பிறகு, பயன் இல்லையா? உண்டு. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடலை அசைத்து உழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. பத்தாம் வகுப்பு மாணவி ஒரு மணி நேரம் எங்கே அசைவாள்? விளையாட்டுப் பீரியடைக் கணக்கும் அறிவியலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. (எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதைத்தான் சொல்கிறேன், சிஸ்டர்!) காலையில் இருபது நிமிடம் மிதித்துவிட்டு உட்கார்ந்தால் தூக்கம் வருவதில்லை. இது என் அனுபவம்.

உலகத்திலும் இதற்கு நல்ல மதிப்பு இருக்கிறது. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சி அறையில்கூட நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் இருந்தது. 1973இல் விண்ணில் சுற்றிய ஸ்கைலாப் ஆய்வு நிலையத்தில் விண்வெளி வீரர்கள் மிதித்தார்கள். இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்திலும் மிதிக்கிறார்கள். எடையற்ற நிலையில் தசையும் எலும்பும் தளர்ந்துவிடாமல் இருக்க அது வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலிய வீரர் மாத்யூ ஹேமன் 2016இல் ஒரு பந்தயத்தில் விழுந்து கை எலும்பை முறித்துக்கொண்டார். சாலைக்குப் போக முடியாது. வீட்டுக் கார் கொட்டகையில் ட்ரெய்னரில் மிதித்தே தம்மைத் தயார்செய்து, அதே ஆண்டு ஏப்ரல் மாதம் பிரான்சில் நடந்த பாரிஸ் - ரூபே என்னும் கடினமான பந்தயத்தில் முதலாவதாக வந்தார். 2020 டிசம்பரில் சர்வதேச சைக்கிள் சங்கம் வீட்டுக்குள் மிதிப்பவர்களுக்கென்றே முதல் உலகப் பட்டப் போட்டியை நடத்தியது. வீராங்கனைகள் அவரவர் வீட்டில் திரையைப் பார்த்து மிதித்தார்கள். பெண்கள் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோ வென்றார்.

இவர்களையெல்லாம் நினைத்துக்கொண்டு நானும் உற்சாகமாகத்தான் மிதித்தேன். ஆனால் ஒருநாள் ஒரு நினைப்பு வந்தது. விண்வெளி வீரருக்கு வெளியே சாலை இல்லை. ஹேமனுக்குக் கை முறிந்திருந்தது. மாமாவுக்கு ஊரடங்கு. எனக்கு என்ன வந்தது? முழங்கால் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிட்டதே!

இன்னொன்றும் கவனித்தேன். என் தம்பி எட்டாம் வகுப்பு. அவன் இன்றைக்கும் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறான். அதே சாலை, அதே வேன்கள், அதே கார்த்திகை மாதம். என்னைவிட வேகமாகவும் ஓட்டுகிறான்; கையை விட்டும் ஓட்டுகிறான் (இதை இந்த மலரில்தான் அம்மா முதன்முதலில் படிப்பார்கள்). சாலை ஆபத்தானது என்றால் இருவருக்கும்தானே ஆபத்து? அம்மாவிடம் கேட்டேன். “அவன் பையன்டி” என்றார்கள். அப்பத்தா இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னார்கள். “வயசுக்கு வந்த பிள்ளை ரோட்டுல காலத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாக?”

ஆக, வேன் ஒரு சாக்கு! அந்த நாலு பேர் யார் என்று நான் பல நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒருவர்கூட அகப்படவில்லை.

பெற்றோரின் அச்சம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். என் முழங்காலுக்கு மருந்து போடும்போது அம்மாவின் கை நடுங்கியது. அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. நம் நெடுஞ்சாலையில் பேருந்துகள் எப்படிப் போகின்றன என்பதை நானும் பார்க்கிறேன். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகளின் வேகத்தையும் பார்க்கிறேன். அந்த ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் சாலையில் போகக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. கூலி வேலைக்குப் போகலாம். சைக்கிளில் மட்டும் போகக் கூடாதாம்! ஆபத்து என்றால் சாலையைச் சரிசெய்ய வேண்டுமா, பெண்ணை வீட்டுக்குள் வைக்க வேண்டுமா?

நம் தமிழ்நாட்டிலேயே இந்தக் கேள்விக்கு ஒரு மாவட்டம் பதில் சொல்லியிருக்கிறது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. விவசாயக் கூலிகளும் கல் உடைக்கும் பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களும் பொட்டல் வெளிகளில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றதாகச் சொல்கிறார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கிய பெண்கள், முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ள அதுதான் வசதி என்று கண்டுகொண்டார்களாம்! பேருந்துக்குக் காத்து நின்ற நேரம் மிச்சமாயிற்று. தண்ணீர்க் குடமும் விளைபொருளும் கேரியரில் ஏறின. அங்கேயும் ‘நாலு பேர்’ இருந்தார்கள், கேலி பேசினார்கள். எண்ணிக்கை பெருகியதும் கேலி அடங்கிவிட்டது.

பீகாரிலும் அப்படித்தான். 2006இல் அந்த மாநில அரசு ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது என்று கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அதே பீகாரின் தர்பங்காவைச் சேர்ந்த ஜோதி குமாரிக்கு 2020 மே மாதத்தில் என் வயதுதான், பதினைந்து. ஊரடங்கில் பிழைப்பு இழந்து, காயத்தோடு இருந்த தந்தையைப் பின்னால் உட்கார வைத்து, டெல்லிக்கு அருகிலுள்ள குருகிராமிலிருந்து ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் மிதித்து ஊர் சேர்ந்தாள். எல்லாரும் அதைச் சாதனை என்று பாராட்டினார்கள். எனக்கு அப்படிப் பாராட்ட மட்டும் மனம் வரவில்லை. ஒரு பேருந்து இருந்திருந்தால் அவள் மிதித்திருக்க மாட்டாள். ஆனால் அவள் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவளாக இருந்தாள். அவளைத் தர்பங்கா வரை கொண்டு சேர்த்தது அதுதான்.

இங்கேதான் ட்ரெய்னரைப் பற்றி என் முக்கியமான கருத்து வருகிறது. அதில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மிதித்தாலும் சைக்கிள் ஓட்ட வராது. இதை எனக்குக் காட்டியவர்கள் என் அம்மாதான்.

அம்மா பிறந்த ஊர் சின்னமனூர்ப் பக்கம். 1994இல் அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. தாத்தாவின் உயரமான ஹெர்குலிஸ் சைக்கிளில், கண்மாய்க் கரையில் குரங்கு பெடல் பழகிக்கொண்டிருந்தார்களாம். அரைப் பெடல் போய் முழுப் பெடல் வரும் நேரம். அந்த மாதமே வயதுக்கு வந்துவிட்டார்கள். சைக்கிள் அன்றோடு நின்றது. புதுக்கோட்டையில் பெண்கள் ஓட்டத் தொடங்கி மூன்று வருடம் கழித்து எங்கள் அம்மா நிறுத்தினார்கள்!

இந்தக் கதையெல்லாம் எனக்கு முன்பு தெரியாது. ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சேலையை வரிந்து சொருகிக்கொண்டு ட்ரெய்னரில் மிதித்துக்கொண்டிருந்தார்கள். கண் மூடியிருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு இறங்கினார்கள். “சும்மாதான்... தூசி தட்டலாம்னு” என்றார்கள்.

அன்று முதல் தினமும் மதியம் பத்து நிமிடம் மிதித்தார்கள். ஒரு மாதம் கழித்து, “எனக்கு ஓட்ட வந்துருச்சுடி” என்றார்கள். என் பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அப்பாவின் நண்பருடைய நெல் களத்துக்குப் போனோம். சிமெண்டுக் களம், சமமான தரை. அம்மா ஏறி உட்கார்ந்தார்கள். நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். இரண்டு மிதி. இடப்பக்கம் சாய்ந்தது. அம்மா பயந்து கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினார்கள். இருவரும் கீழே!

எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கைப்பிடியைச் சற்றுத் திருப்பினால்தான் சைக்கிள் நிமிரும். இது கேட்பதற்கு முட்டாள்தனமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் உடம்புக்குப் புரியும். ட்ரெய்னரில் சைக்கிள் சாய்வதே இல்லை. பிறகு எங்கே புரிவது? பிரேக்கை எப்போது பிடிப்பது, பின்னால் வரும் வண்டியின் சத்தத்தைக் காதால் அளப்பது எப்படி, மணலில் சறுக்காமல் திரும்புவது எப்படி, நாய் துரத்தினால் என்ன செய்வது - இவை ஒன்றையும் அது கற்றுத் தருவதில்லை. ஆடிக் காற்றும் அதில் இல்லை. ஆடியில் சின்னமனூர்ப் பக்கம் போகும்போது காற்றே நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுவதும் அந்தப் பருவத்துக் காற்றுத்தானே! இறக்கமும் இல்லை. கஷ்டப்பட்டு ஏறிய மேட்டுக்குக் கூலியாகக் கால் அசைக்காமல் இறங்கும் அந்தச் சுகம் என் 412 கிலோமீட்டரில் ஒரு மீட்டர்கூடக் கிடைக்கவில்லை.

வேன் உரசிய அன்று நான் செய்த தவறையும் ஒப்புக்கொள்கிறேன். தோழியோடு பேசிக்கொண்டு இணையாக ஓட்டினேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. இதை அம்மா அப்பாவிடம் அப்போது சொல்லவில்லை. சொன்னால் சைக்கிளைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். சொல்லாமலேயே பிடுங்கிவிட்டார்கள். ஒரே வரிசையில் போவதும், திரும்புவதற்கு முன் கை காட்டுவதும் யாராவது கற்றுக் கொடுத்தால்தானே வரும்? ஓராண்டு வீட்டுக்குள் மிதித்துவிட்டு மீண்டும் சாலைக்குப் போகிற பெண், முன்னைவிடக் கவனமானவளாகவா இருப்பாள்? பழக்கம் விட்டுப்போனவளாக இருப்பாள். ஆபத்து கூடும், குறையாது.

எனவே என் வேண்டுகோள் சில. எங்கள் பள்ளி மைதானம் சனிக்கிழமை மாலையில் சும்மா கிடக்கிறது. ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் ஓட்டத் தெரியாத மாணவிகள் பழகலாம். விரும்பும் தாய்மார்களும் வரலாம். ஆண்கள் யாரும் வேடிக்கை பார்க்க முடியாத இடம் அது ஒன்றுதான் என்று என் அம்மா சொல்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியை சாலை விதிகளைச் சொல்லித் தரலாம். பள்ளி விடும் நேரத்தில் வாசல் அருகே வண்டிகளின் வேகத்தைக் குறைக்க ஒரு காவலரோ வேகத்தடையோ வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் எழுதிக் கேட்கலாம். நான் கேட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்பாக்கள் சேர்ந்து கேட்டால் கேட்பார்கள்.

இன்னொரு விஷயம். 2001-2002இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் 2005-2006இல் விரிவடைந்தது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்பட்டு வருகிறது. தேர்வில் தேறினால் அடுத்த ஆண்டு எனக்கும் ஒன்று கிடைக்கும். அதற்கும் ஸ்டாண்டு உண்டு, கேரியர் உண்டு, அச்சில் நட்டு உண்டு. எங்கள் ட்ரெய்னரில் அது மாட்டாது. இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு சிரித்துவிட்டார்கள்.

எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்கிறவர் ஒருவர் வருவார். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்திலிருந்து பட்டை போட்டுச் சாணைக்கல்லைச் சுற்றுவார். தீப்பொறி பறக்கும். அரிவாள்மனையும் கத்தியும் கூராகும். வேலை முடிந்ததும் ஸ்டாண்டைக் காலால் தள்ளிவிட்டு, அதே சைக்கிளில் ஏறி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அப்பத்தாவிடம் அவரைக் காட்டி, “இவர் போகிற ஊருக்குத்தானே மிதிக்கிறார்?” என்றேன். அப்பத்தா பதில் சொல்லவில்லை. அரிவாள்மனையைக் கொடுத்தனுப்பினார்கள்.

இப்போதைக்கு எனக்குக் கிடைத்திருப்பது இவ்வளவுதான்: காலை ஆறு மணிக்கு, வாய்க்கால் கரைச் சாலை வழியாக, டியூஷன் வரை. நெடுஞ்சாலையைத் தொடக் கூடாது. பள்ளிக்கு இன்னும் ஆட்டோதான். மழை பெய்தால் ட்ரெய்னர்.

போன ஞாயிற்றுக்கிழமை களத்தில் அம்மா பன்னிரண்டு மிதி மிதித்தார்கள். நான் ஆறாவதிலேயே கையை விட்டுவிட்டேன். அது அவர்களுக்குத் தெரியாது. பதின்மூன்றாவதில் வைக்கோல் போரில் முட்டி நின்றார்கள். சேலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டே, “இன்னொரு தரம் பிடிடி” என்றார்கள். நாங்கள் வீடு திரும்பியபோது இருட்டிவிட்டது. கூடத்தில் ட்ரெய்னரின் மேல் அப்பாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.